ஒன்றுவிட்ட நாட்கள்

எங்கள் வகுப்பில் அறுபத்திரண்டு பேர். அதில் மிக உயரமானவளும் மிகக் குள்ளமானவளும் ஒரே அறையில் தங்கியிருந்தது தற்செயல்தான். ஆனால் அப்படி அமைந்துவிட்ட பிறகு வேறு பெயருக்கு வழியே இல்லை. அவள் நெட்டை, நான் குட்டை. சொந்தப் பெயருக்கு வருகைப் பதிவேட்டில்கூட வேலையில்லை. அங்கே அவள் நாற்பத்தொன்று, நான் பதினேழு.

அறை ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. ஒருத்தி மேசையில் எழுதினால் மற்றவள் ஜன்னல் திண்டில் நோட்டை வைத்து எழுத வேண்டும். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். முதல் இரண்டு வருடம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டிலிருந்து வந்தது. மூன்றாம் வருடம் தொடங்கும்போது இரண்டு வீட்டுப் பணமும் ஒரே நேரத்தில் நின்றது.

என் அப்பா பேருந்து ஓட்டுநர். கண்ணில் திரை விழுந்து, எதிரே வருகிற வண்டியின் விளக்கு நாலாகத் தெரிய ஆரம்பித்ததும் இறங்கிக்கொண்டார். அம்மாவின் தையல் இயந்திரம்தான் அவரையும் என் இரண்டு தம்பிகளையும் இழுத்துக்கொண்டிருந்தது. நெட்டையின் வீட்டில் அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் அவளுடைய அம்மா போனபின் அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொண்டிருந்தார். சித்தி கெட்டவள் இல்லை, கேட்டால் கொடுப்பாள். நெட்டைக்குக் கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மாலை நேர வேலைகளையெல்லாம் எங்களுக்கு முன்பே விழித்துக்கொண்டவர்கள் பிடித்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு அட்டை. சலவைக் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஆள் தேவை, காலை எட்டு முதல் பிற்பகல் இரண்டு வரை. எங்கள் கல்லூரி எட்டரை முதல் ஒன்றரை வரை. ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெட்டியதுபோல் இரண்டும் பொருந்தின. நான் அட்டையைப் படித்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். நெட்டை நகரவில்லை. கடைக்குள் போய், கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், ஒரே வேலைக்கு இரண்டு பேர் மாற்றி மாற்றி வரலாமா என்று கேட்டாள்.

கடைக்கார அம்மா எங்கள் இருவரையும் மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். அதற்கே கொஞ்ச நேரம் ஆனது.

"எனக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்கு எத்தனை தலைன்னு நான் பாக்கப் போறதில்ல. ஆனா ஒருத்தி செஞ்ச தப்புக்கு ரெண்டு பேரும் திட்டு வாங்கணும்."

திங்கள், புதன், வெள்ளி நெட்டை கடைக்கு, நான் வகுப்புக்கு. செவ்வாய், வியாழன், சனி நான் கடைக்கு, அவள் வகுப்புக்கு. ஆள் ஒன்று என்பதால் ஏப்ரனும் ஒன்றுதான் கொடுத்தார்கள். அவளுக்கு அது இடுப்போடு நின்றது. எனக்குக் கணுக்காலைத் தொட்டது.

வேலை முதலில் சட்டைப் பைகளைத் துழாவுவதில் தொடங்கும். பேருந்துச் சீட்டு, பித்தான், சாவி, மளிகைப் பட்டியல். ஒருமுறை காகிதத்தில் மடித்த ஒரு குழந்தையின் பல் கிடைத்தது. அதை நான் உறையில் போட்டு எண் எழுதி வைத்தேன். அடுத்த நாள் ஒரு பெரிய மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து வாங்கிப் போனார். பிறகு ஒவ்வொரு துணியிலும் எண் அட்டையை ஊசியால் குத்த வேண்டும். கறை இருக்கிற இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டமிட வேண்டும். வெள்ளை தனி, நிறம் தனி, சாயம் போவது தனி. ஈரத்துணி மூட்டை கல்லாகக் கனக்கும். பின்கட்டில் பிரஸ் அண்ணன் நீராவி இஸ்திரிப் பெட்டியோடு நிற்பார். சட்டைக்குக் கழுத்துப்பட்டை முதலில், பிறகு தோள், பிறகு கைமுனை, உடம்பு கடைசியில். இந்த வரிசை மாறினால் அவர் பேசமாட்டார். சட்டையை உதறி மறுபடி ஈரப்படுத்தி நம் கையில் கொடுத்துவிடுவார். இரண்டு மணிக்கு வெளியே வரும்போது தலைமுடியெல்லாம் கஞ்சி வாசனை அடிக்கும்.

கல்லூரியில் எங்கள் பிரச்சினை வருகைப் பதிவு. பாடம் புள்ளியியல். ஆசிரியர்கள் பெயரைக் கூப்பிடுவதில்லை, எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். தலையை நிமிர்த்துவதும் இல்லை. அதனால் நான் என் குரலில் பதினேழுக்கும், மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு நாற்பத்தொன்றுக்கும் பதில் சொன்னேன். அவள் தன் நாட்களில் அதையே செய்தாள். வகுப்புக்கே தெரியும். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. தப்பு என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் முதல் வாரம் அடித்துக்கொண்ட மனசு மூன்றாவது வாரம் பழகிக்கொண்டது.

உண்மையான வகுப்பு மாலை நாலு மணிக்கு எங்கள் அறையில் நடக்கும். அன்றைக்குக் கல்லூரிக்குப் போனவள் ஆசிரியை, கடைக்குப் போனவள் மாணவி. நான் ஒன்று விடாமல் எழுதுகிறவள். என் நோட்டில் "இங்கே மேடம் தும்மினார்" என்றுகூட இருக்கும். நெட்டை அதைப் படித்துச் சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரிப்பாள். அவளுடைய நோட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று வார்த்தை இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் வாயாலும் கையாலும்தான். எழுந்து நின்று, காற்றில் கோடு இழுத்து, கூரை விசிறியில் கை படாமல் தப்பித்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பாள். உதாரணம் எல்லாம் கடையிலிருந்து வரும். நேற்று வந்த சட்டை எத்தனை, அதற்கு முந்தின நாள் எத்தனை, சராசரி என்ன, எந்த நாள் சராசரியை விட்டு எவ்வளவு தூரம் ஓடிப்போயிருக்கிறது. அவள் என் எழுத்தில் படித்தாள்; நான் அவள் குரலில் படித்தேன். இந்த வயதில், இத்தனை வருடம் கழித்தும், செவ்வாய்க்கிழமை நடந்த பாடங்கள் எனக்கு நெட்டையின் குரலில்தான் ஞாபகம் இருக்கின்றன.

அந்த நாட்களை நினைத்தால் களைப்புதான் முதலில் வர வேண்டும். அப்படி வருவதில்லை. ஜன்னலில் சாய்ந்த வெயிலும், ஒரே தட்டில் பிய்த்து வைத்த ரொட்டியும், "புரிஞ்சுதா, இல்ல புரிஞ்ச மாதிரி தலையாட்டுறியா?" என்று அவள் கேட்பதும்தான் வருகின்றன.

ஆனால் களைப்பு இருந்தது. ஒரு திங்கட்கிழமை ஏதோ விடுதியிலிருந்து அத்தனை திரைச்சீலைகளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நெட்டை அவற்றை ஒற்றை ஆளாய்ப் பிழிந்து உலர்த்தி, மறுநாள் காலை வகுப்பில் கண்ணைத் திறந்தபடியே தூங்கியிருக்கிறாள். அன்றைக்கு நடந்தது முக்கியமான பாடம். பெரிய கூட்டத்திலிருந்து கொஞ்சம் பேரை மட்டும் எடுத்து அளக்கும்போது, அவர்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறார்கள் என்று கணக்கிட வேண்டும். கடைசியில் வகுக்கும்போது, எடுத்த எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. அதில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். அந்த "ஒன்றைக் கழி" வந்த நேரத்தில் நெட்டை திரைச்சீலைக் கனவில் இருந்தாள். மாலையில் அந்த ஒன்று இல்லாமலே எனக்கு மிக அழகாகச் சொல்லிக்கொடுத்தாள்.

அரையாண்டுத் தேர்வு ஒரு பிற்பகலில் நடந்தது. அன்றைக்குக் கடையில் நின்றவளும் நேராக வந்துவிட, இருவருமே எழுதினோம். சொந்த உதாரணம் ஒன்றைக் கொண்டு விளக்குக என்று ஒரு கேள்வி. ஒரு வாரம் கழித்துத் துறைத் தலைவி எங்கள் இருவரையும் அறைக்கு வரச் சொல்லியிருப்பதாகப் பியூன் வந்து சொன்னார். அன்று திங்கட்கிழமை. நெட்டை கடையில் இருந்தாள். நான் ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். அவசரத்தில் அவள் ஏப்ரனைக் கழற்ற மறந்துவிட்டாள்.

துறைத் தலைவி அதிகம் பேசாதவர். விடைத்தாள்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டிலும் ஒரு சலவைக் கடை. இரண்டிலும் ஆறு நாட்கள். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, இருபத்தொன்பது, ஐம்பத்திரண்டு, நாற்பத்துநாலு, முப்பத்தாறு சட்டைகள். இரண்டிலும் ஐந்தால் வகுக்க வேண்டியதை ஆறால் வகுத்திருந்தது. எங்களுக்கு நடுவில் தேர்வறையில் எட்டு வரிசை இருந்தது. எப்படிப் பார்த்து எழுதினோம் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்துப் புதிதாக ஒரு கணக்கைக் கொடுத்தார். இருவரும் மறுபடியும் அதே தப்போடு போட்டோம். பிறகு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடை, அட்டை, ஒன்றுவிட்டு ஒரு நாள், நாற்பத்தொன்றின் குரல். ஒரே ஒரு பொய் சொன்னேன். அந்தப் பாடத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்றேன். கடைசியில் இருவரையும் ஒன்றாக நிற்க வைத்தார்.

"இவளும் தான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன்ங்கிறா. நீயும் நான்தாங்கிற. ஒரே பொருளை ரெண்டு திருடிங்க ஒத்துக்கிறது எனக்குப் புதுசு."

சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து, சிவப்பு மையால், எங்கள் முன்னாலேயே, பொய்யான நாட்களை ஒவ்வொன்றாக அடித்தார். அது முடிய வெகுநேரம் ஆனது. பிறகு பேனாவை மூடிவிட்டு விதியைச் சொன்னார். முக்கால் பங்கு நாள் வந்தவர்கள்தான் இறுதித் தேர்வு எழுதலாம். பாதி வருடம் முடிந்துவிட்டது. அதில் பாதிதான் எங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. மிச்சமிருக்கும் பாதி வருடம் ஒரு நாள்கூட விடாமல் வந்தால் முக்கால் சரியாக வரும்.

"காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தாலும் போச்சு. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. நாளைக்குக் காலையில யார் வர்றீங்கன்னு பாக்கறேன்."

அறைக்குத் திரும்பி இருட்டுகிற வரைக்கும் பேசினோம். இருவரும் கல்லூரிக்குப் போனால் வேலை போகும். வேலை போனால் அறை போகும். ஒருத்தி படித்தால் மற்றவள் இழுக்க வேண்டும். அடுத்த வருடம் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். இது வரைக்கும் தகராறில்லை. யார் முதலில் என்பதில்தான் நின்றது. நான் அவளைப் போகச் சொன்னேன்; என்னைவிட அவளுக்குத்தான் மூளை. அவள் என்னைப் போகச் சொன்னாள். எனக்குப் பின்னால் தம்பிகள் இருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றேன். காலையில் பார்ப்போம் என்று படுத்துவிட்டாள்.

நான் விழித்தபோது அவள் கட்டில் காலி. ஆணியில் மாட்டியிருந்த ஏப்ரனைக் காணவில்லை. அன்று செவ்வாய், நான் கடைக்குப் போக வேண்டிய நாள். மேசையில் அவளுடைய மூன்று வார்த்தை எழுத்து: "வகுப்பு எட்டரைக்கு. ஓடு."

ஓடினேன். அந்த அரை வருடம் நெட்டை சம்பாதித்ததில் நான் சாப்பிட்டேன், படித்தேன். நடுவில் எனக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. நிற்க முடியவில்லை. அவள் போர்வையால் சுற்றி, என்னைச் சைக்கிள் கடைக்காரரின் வண்டிப் பின்னிருக்கையில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போய், வகுப்பு வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்கு ஓடினாள். பதினேழு என்று கூப்பிட்டதும் என் தொண்டையில் காற்றுதான் வந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு ஆசிரியை பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, அந்த எண்ணுக்கு உரிய முகத்தைப் பார்த்தார்.

மாலை நாலு மணி வகுப்பை நான் விடாமல் நடத்தினேன். அடுத்த வருடம் அவளுக்கு உதவும் அல்லவா? முதலில் உட்கார்ந்து கேட்டாள். பிறகு படுத்துக்கொண்டு கேட்டாள். ஒருநாள் பாதியில் திரும்பிப் பார்த்தபோது தூங்கிவிட்டிருந்தாள். அதன்பின் நான் எழுப்பவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆறு நாளும் கடையில் நின்று அவள் வேலையில் தேறிவிட்டாள். பிரஸ் அண்ணனே கஷ்டமான துணியை அவளிடம் தள்ளிவிடுவார். கடைக்கார அம்மா இரண்டாவது கடை போடப் போவதாகவும், அதை நெட்டையை நம்பி விடலாமென்று யோசிப்பதாகவும் பேச்சு வந்தது. அவள் அதைச் சொன்னபோது முகத்தில் சந்தோஷம் இருந்தது. படித்து என்ன ஆகப் போகிறது என்று லேசாக, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் தேறினேன். துறைத் தலைவியின் பரிந்துரையில், ரயிலில் ஒரு பகல் தூரத்தில் இருந்த ஊரின் புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்தது. பதினைந்து நாளில் சேர வேண்டும். வீட்டில் அம்மா அதை அப்பாவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினாளாம். நெட்டை என் பெட்டியை அவளே அடுக்கினாள்.

அவளுடைய முறை என்ன ஆவது என்று கேட்டேன்.

"எனக்கு வேணாம்டி. மனசு விட்டுப்போச்சு. நீ போ."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. அவளே வேண்டாமென்கிறாள், நான் என்ன செய்ய? மாதாமாதம் பணம் அனுப்பிப் படிக்க வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அனுப்பினால் அடுத்த தபாலில் திரும்பி வரும் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். டிக்கெட் வாங்கிவிட்டேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், சொல்லிக்கொள்ளலாமென்று கடைக்குப் போனேன். நெட்டை பின்கட்டில் இருந்தாள். கல்லாவில் பழைய எண் அட்டைகள் ஒரு கட்டு, ரப்பர் போட்டுக் கிடந்தது. பின்பக்கம் முழுக்க அவளுடைய கையெழுத்து. கடைக்கு ஒவ்வொரு நாளும் வந்த சட்டைகள், ஐந்து மாதத்துக்கு. வாரச் சராசரி. விலக்கம். ஒவ்வொரு அட்டையிலும் ஆறு நாளுக்கு ஐந்தால் வகுத்திருந்தாள். ஒன்றைக் கழித்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு ஏதோ கணக்குப் போட்டு நாளைக்கு எத்தனை சட்டை வரும்னு சொல்லுது," என்றார் கடைக்கார அம்மா. "பாதி நாள் சரியா வருது. நான் கஞ்சியை அதுக்குத் தக்கனதான் காய்ச்சச் சொல்றேன்."

மனசு விட்டுப்போனவள் போடுகிற கணக்கா அது? அட்டைகளைக் கட்டி வைத்தேன். பிறகு, நெட்டையை வேலையிலிருந்து நிறுத்திவிடும்படி கடைக்கார அம்மாவிடம் கேட்டேன்.

அவர் முதலில் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தார். சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அவள் இடத்தில் ஆறு நாளும் நான் நிற்கிறேன், ஒரு வருடம், அவள் படித்து முடிக்கிற வரைக்கும்.

"நல்லா வேலை செய்றவளை அனுப்பிட்டு உன்னை வச்சுக்கணுமா? நீ அவளுக்குப் பாதிதான் இருக்க. மேல் கம்பி எட்டுமா உனக்கு?"

"ஸ்டூல் போட்டுக்கறேன்மா. நீங்கதானே ஒரு ஆள் போதும், தலை எத்தனைன்னு பாக்கமாட்டேன்னு சொன்னீங்க."

அட்டைக் கட்டைக் கையில் எடுத்து ஒருமுறை புரட்டிவிட்டு வைத்தார். பிறகு பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்து, நாளை முதல் வரவேண்டாம் என்று நெட்டையிடம் அவரே சொன்னார். இரண்டாவது கடை அந்த வருடம் திறக்கப்படவில்லை.

அவள் கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அறையில் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"என்னைக் கேட்டியா நீ?"

"நீ அன்னைக்கு என்னைக் கேட்டியா?"

அதோடு பேச்சு நின்றது. பதினோரு நாள். இரண்டு கட்டிலுக்கு நடுவில் மூன்றடி இடைவெளியில், ஒரு வார்த்தை இல்லாமல் பதினோரு நாள் இருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் ரயில் ஏற வேண்டிய நாள் அதில் மூன்றாவது நாள். நான் டிக்கெட்டை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அலுவலகத்துக்கு ஒரு வருடம் அவகாசம் கேட்டு எழுதியிருந்தேன். அப்படி வழக்கமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

வீட்டுக்கு எழுதத்தான் கை வரவில்லை. எழுதினேன். பதிலை அப்பா சொல்லச் சொல்லப் பெரிய தம்பி எழுதியிருந்தான். அம்மாவுக்கு வருத்தம் என்று முதல் வரி. அடுத்தது அப்பாவின் பேச்சு, அப்படியே: "நான் இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டினவன். ஓடி வர்றவங்களைப் பாத்துட்டு நிறுத்தாம போனதில்ல. லேட்டானா டெப்போவில திட்டுவாங்க, வாங்கிக்குவேன். நீயும் வாங்கிக்க."

நெட்டை கல்லூரி அலுவலகத்துக்குப் போய் மறுபடி பெயர் பதிந்துகொண்டாள். என்மேல் உள்ள கோபத்தில்தான் பதிந்தாள் என்று பிறகு ஒத்துக்கொண்டாள். தன்னைவிடச் சின்னவர்களோடு கடைசி பெஞ்சில், காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் நாள் மாலை நாலு மணிக்கு நான் கடையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். நோட்டைக் கட்டிலில் எறிந்தாள்.

"இன்னைக்குப் புது சார் போர்டுல தப்பாப் போட்டார். ஆறால வகுத்தார். நான் எழுந்து ஒண்ணைக் கழிக்கணும்னு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"உனக்கு யார் சொல்லிக் குடுத்தான்னு கேட்டார்."

தோள் குலுங்க ஆரம்பித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பாடம் எனக்கு ஏற்கெனவே தெரியும், தேறியும்விட்டேன். இருந்தும் அன்றிலிருந்து வருடம் முழுக்க, அன்றன்று நடந்ததை அவள் எழுந்து நின்று கையை வீசிச் சொல்ல, நான் மாணவியாக உட்கார்ந்து கேட்டேன். முந்தின வருடம் முழு வகுப்பில் உட்கார்ந்து புரியாத சிலது அந்த வருடம், வகுப்புக்கே போகாமல், புரிந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. நெட்டை வகுப்பில் இரண்டாவதாக வந்தாள், மேலே படித்தாள், மழையளவைக் கணக்கிடும் துறையில் சேர்ந்து அதன் தலைமை வரைக்கும் போனாள். எனக்கு அந்தப் புள்ளிவிவர வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு தேர்வு எழுதினேன். இரண்டிலும் கொஞ்சத்தில் போனது. ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு ஆசிரியை ஆனேன், அங்கேயே ஓய்வும் பெற்றேன். தம்பிகளின் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனது. சின்னவன் அதை இரண்டு முறை சொல்லிக் காட்டியிருக்கிறான். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகள் என் வகுப்பில் தூங்கியதுண்டு. அவர்களை நான் எழுப்பியதில்லை என்று சொன்னால் அது பொய். எழுப்புவேன். வகுப்பு முடிந்ததும் உட்கார வைத்து, தூங்கின பகுதியை மட்டும் திரும்ப நடத்துவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெட்டை பேசுவாள். ஒரே ஒரு முறை அந்தப் பேச்சை எடுத்தேன். அன்றைக்கு நான் செய்தது சரியா என்று கேட்டேன்.

"நீ மட்டும் என்னை வேலையை விட்டுத் தூக்கலைன்னா நான் இன்னேரம் எட்டு சலவைக் கடைக்கு முதலாளி," என்றாள். "உன்னை ஒண்ணுல கல்லாவில உக்கார வச்சிருப்பேன். ஸ்டூலோட."

பதில் அவ்வளவுதான். நானும் மறுபடி கேட்கவில்லை.

அந்த வருடம் அவளுடைய கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் சனிக்கிழமை. எனக்கும் கடையில் அதுதான் கடைசி நாள். ஒரு வாரமாக விடாமல் மழை. அன்றைக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்தது. ஊரில் நனைந்து கிடந்த துணியெல்லாம் ஒரே நேரத்தில் கடைக்கு வந்தது. எட்டரை மணிக்குத் திரும்பிப் பார்த்தேன். நெட்டை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. கடைக்கார அம்மா பெட்டிக்குள் தேடி, எங்கேயோ கிடந்த பழைய ஏப்ரன் ஒன்றை எடுத்து அவள்மேல் போட்டார்.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அந்த ஒரு வேலையைப் பகிர்ந்திருந்தோம். ஒருநாள்கூட இருவரும் அந்தக் கடையில் சேர்ந்து வேலை செய்ததில்லை. அவள் சட்டையை உதறுகிற விதம்கூட எனக்குத் தெரியாது. இரண்டு கையாலும் ஒரே வீச்சில் உதறினாள். துணி பட்டென்று சத்தம் போட்டது. அவள் மேல் கம்பியில் மாட்டினாள், நான் கீழ்க் கம்பியில். நடுவில் பிரஸ் அண்ணன் மாட்டிக்கொண்டு எந்தப் பக்கம் கொடுப்பதென்று திணறினார். பதினொரு மணிக்குப் பின்கட்டில் நடக்க இடமில்லாமல் சட்டைகள் தொங்கின. நாங்கள் அவற்றுக்கு நடுவில் ஒருவரையொருவர் பார்க்காமல், குரலால் மட்டும் எண்களைச் சொல்லிக்கொண்டு, வேலை செய்தோம். இரண்டு மணிக்கு மேலும் யாரும் போகச் சொல்லவில்லை. நாங்களும் போகவில்லை.